விலங்குகளைப் புதிய உயிரியல் பூங்காவுக்கு மாற்றுவது எப்படி: ஒரு கால்நடை மருத்துவரின் முழு வழிகாட்டி

பழைய உயிரியல் பூங்கா ஒன்றை மூடி, அங்கிருந்த விலங்குகள் அத்தனையையும் புதிதாகக் கட்டிய பூங்காவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் கால்நடை மருத்துவராக இருந்திருக்கிறேன். ஒன்றிரண்டு விலங்குகளை அனுப்புவதும் வாங்குவதும் எங்களுக்கு வழக்கமான வேலைதான். ஒரு பூங்காவையே பெயர்த்துக்கொண்டு போவது அப்படியில்லை. எல்லா இனங்களும் வரிசையில் நிற்கும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று மேலிடத்திலிருந்து அவசரப்படுத்துவார்கள். பழகிய ஆட்கள் பாதிப்பேர் இங்கே, பாதிப்பேர் அங்கே இருப்பார்கள்.

பார்ப்பவர்கள் கண்ணில் படுவது கிரேன், லாரி, மயக்க ஊசித் துப்பாக்கி. ஆனால் லாரி கிளம்பும் நாளுக்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். பயணப் பெட்டிக்குள் விலங்கு தானாக நடந்து போகிறதா என்பதுதான் என் அளவுகோல். போகிறது என்றால் பயணம் பெரும்பாலும் நல்லபடியாக முடியும். தள்ளியும் இழுத்தும் மயக்கியும்தான் ஏற்ற வேண்டும் என்றால் நாம் இன்னும் தயாராகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் மருத்துவர்களையும் பராமரிப்பாளர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மருந்தளவுகளை இங்கே கொடுக்கவில்லை. அது இனம், எடை, வயது, உடல்நிலை பார்த்து அங்கிருக்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

படி 1: எண்ணுங்கள், அடையாளம் காணுங்கள், எழுதுங்கள்

பதிவேட்டில் ஒரு கணக்கு இருக்கும். நேரில் போய் எண்ணினால் வேறு கணக்கு வரும், முக்கியமாக மான்களிலும் பறவைகளிலும். பிறந்ததை எழுதியிருப்பார்கள், இறந்ததை எழுத விட்டிருப்பார்கள். முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு உள்ள ஒவ்வொரு விலங்கையும் ஸ்கேனரில் படித்து 15 இலக்க எண்ணைப் பழைய கோப்போடு ஒப்பிடுங்கள். இல்லாதவற்றுக்கு, வேறு காரணத்துக்காக மயக்கும்போதோ பிடிக்கும்போதோ சிப் போட்டுவிடுங்கள். அதற்கென்று தனியாக ஒரு முறை பிடிக்க வேண்டாம். பறவைகளின் கால் வளையத்தைத் தேய்த்துத் துடைத்து எண்ணைப் படியுங்கள். நாடு விட்டு நாடு போகும் விலங்கு என்றால், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தப் பட்டியலில் அந்த இனம் இருக்கிறதா என்று பார்த்து, அனுமதிக்கு மிக முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். 1975-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. விமானத்தில் போவதென்றால் பெட்டியின் அமைப்பு ஐயாட்டா (IATA) என்ற சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம் வகுத்த, உயிருள்ள விலங்குகளுக்கான விதிகளின்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவையெல்லாம் எல்லோரும் செய்வது. பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. ஒவ்வொரு விலங்கையும் தினமும் பார்க்கும் பராமரிப்பாளரை உட்காரவைத்து, அவர் சொல்வதை அப்படியே எழுதி வாங்குங்கள். ‘இடது பக்கம் நின்றால் சீறும்.’ ‘குழாய்ச் சத்தம் கேட்டால்தான் வெளியே வரும்.’ ‘இரண்டும் ஒரே தொட்டியில் தின்னாது.’ இதுபோன்ற நாலு வரி, என்னுடைய ரத்தப் பரிசோதனை அறிக்கையைவிடப் பயண நாளன்று அதிகமாக உதவியிருக்கிறது. அந்தத் தாளை நனையாத உறையில் போட்டு, மருத்துவக் கோப்போடு சேர்த்துப் பெட்டியோடு அனுப்ப வேண்டும்.

படி 2: உடம்பைச் சோதியுங்கள், நோயைக் கூடவே கொண்டு போகாதீர்கள்

புதிய பூங்காவின் மண் சுத்தமாக இருக்கிறது. குடற்புழுக்களையும் காசநோயையும் அங்கே நாம் கொண்டுபோய் விதைக்கக் கூடாது. சாணத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். புழு முட்டைகள் எல்லா நாளும் வெளியேறுவதில்லை. சில நாள் இடைவெளியில் மூன்று முறையாவது பாருங்கள். புறப்படும் முன் 30 நாள் தனிமைப்படுத்தல் என்பது பரவலான வழக்கம். இனத்தையும் நோயையும் பொறுத்து அது நீளும்.

குரங்கினங்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேல் இமையில் டியூபர்குலின் ஊசி போட்டு, 24, 48, 72 மணி நேரங்களில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்போம். இமை என்பதால் விலங்கை மறுபடி பிடிக்காமல் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். யானைக்குத் தும்பிக்கைக் கழுவல் செய்வோம். உப்புக் கரைசலைத் தும்பிக்கையில் ஊற்றி, அதைத் தூக்கச் சொல்லி, பிறகு ஒரு பைக்குள் ஊதச் செய்வோம். மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்த மாதிரிகள் வேண்டும். யானைக்கு இதை முதலில் பழக்க வேண்டும், அதற்கே வாரங்கள் ஆகும். அதனால் நாட்காட்டியில் இதை முன்னாலேயே குறித்துவையுங்கள்.

சளி, காய்ச்சல் உள்ள ஊழியர் யாரும் குரங்குகள் பக்கம் போகக் கூடாது. நம்மிடமிருந்துதான் அவற்றுக்குப் பெரும்பாலும் தொற்றுகிறது.

வயதானவை, கடைசி மாதங்களில் இருக்கும் சினை விலங்குகள், குட்டிக்குப் பால் கொடுப்பவை ஆகியவற்றைத் தனிப் பட்டியலில் வையுங்கள். நடக்கவே சிரமப்படும் கிழட்டுச் சிங்கத்தைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா, அதன் நாட்களைப் பழகிய கூண்டிலேயே முடிக்கவிடலாமா என்பதை உட்கார்ந்து பேசுங்கள். கஷ்டமான பேச்சுதான். அதைத் தள்ளிப்போட்டால் பதில் சொல்வது அந்த விலங்காகிவிடும்.

படி 3: புதிய இடத்தை விலங்கின் உயரத்திலிருந்து பாருங்கள்

வரைபடத்தைப் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். போய்ப் பாருங்கள், குனிந்தும் தவழ்ந்தும் பாருங்கள். கட்டட வேலை நடந்த இடத்தில் ஆணி, கம்பித் துண்டு, வெல்டிங் குச்சியின் எச்சம் எல்லாம் கிடக்கும். தீக்கோழிக்குப் பளபளக்கும் எதையும் விழுங்கும் பழக்கம் உண்டு. காந்தம் கட்டிய கோலைத் தரை முழுக்க இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கைநிறையக் கிடைக்கும், நம்ப மாட்டீர்கள். அழகுக்கு நட்ட செடிகளில் அரளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே பிடுங்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிச் சுவரைப் பறவையும் மானும் அறியாது. முதல் சில வாரங்களுக்குச் சுண்ணாம்பு பூசியோ துணி தொங்கவிட்டோ அதைக் கண்ணுக்குத் தெரியவையுங்கள். கம்பி வேலிக்கும் அப்படியே பச்சை வலைத் துணி கட்டுங்கள். பள்ளங்களில் தண்ணீர் ஆழமாக இருந்தால், விழுந்த விலங்கு ஏறிவரச் சரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கதவுகள். எங்களுக்கு ஒருமுறை சிறுத்தைப் பெட்டி கிரேனில் இறங்கி இரவுக் கூண்டின் வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பெட்டியின் தளமும் கூண்டின் தளமும் ஒரு சாண் உயர வித்தியாசத்தில் இருந்தன. அந்த ஒரு சாண் இடைவெளியில் சிறுத்தையின் முன்கால் தாராளமாக வெளியே வரும். மரக்கட்டைகளை அடுக்கி, பலகை அறைந்து, சங்கிலியால் இறுக்கிக் கட்டி முடிக்கும்வரை அது வெயிலில் காத்திருந்தது. அதற்குப் பிறகு காலிப் பெட்டியை முன்கூட்டியே கொண்டுபோய் ஒவ்வொரு வாசலிலும் பொருத்திப் பார்க்காமல் எந்த விலங்கையும் நான் ஏற்றவிட்டதில்லை. லாரி அந்த வாசல்வரை போகுமா, மழை பெய்தால் சக்கரம் புதையுமா, கிரேன் கை நீட்ட மரக்கிளை இடம் விடுமா என்பதையும் அதே ஒத்திகையில் பார்த்துவிடலாம்.

படி 4: பெட்டி

ஊனுண்ணிகளுக்கான பெட்டியில் விலங்கு தலை இடிக்காமல் நிற்கவும், காலை நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும். மான், மறிமான் வகைகளுக்கு அகலம் குறைவாக, திரும்ப முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். பெரிய பெட்டி கொடுப்பது இரக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி திரும்பி, கழுத்து மடங்கி மாட்டிக்கொள்ளும் மானைப் பார்த்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். கொம்புள்ளவை என்றால் கொம்பின் நுனியில் ரப்பர்க் குழாய்த் துண்டை மாட்டலாம்.

உள்பக்கம் ஆணித் தலையோ போல்ட்டோ விளிம்போ எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உள்ளங்கையால் சுவர் முழுக்கத் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். காற்று பக்கவாட்டிலும் மேலேயும் வர வேண்டும், ஆனால் உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். மூத்திரம் வடிய இடைவெளி, அதைப் பிடிக்கக் கீழே தட்டு, கதவைத் திறக்காமல் தண்ணீர் ஊற்றக் கிண்ணம், கதவுக்கு ஒன்றுக்கு இரண்டு தாழ்ப்பாள். பெட்டியின் எடையையும் விலங்கின் எடையையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் வெளியே எழுதுங்கள். கிரேன் ஓட்டுநருக்கு அது உயிர் போகும் விஷயம்.

துள்ளும் பறவைகளுக்கு மேற்கூரையைத் துணியாலோ நுரைப் பஞ்சாலோ மெத்தையாக்குங்கள். பயந்து எழும்பும்போது உச்சந்தலைத் தோல் கிழிவதுதான் இந்தப் பயணங்களில் பறவைகளுக்கு அடிக்கடி நேரும் காயம்.

படி 5: பெட்டியை வீடாக்குங்கள்

இதற்கு அதிக நாள் கொடுங்கள். வேறு எதிலாவது நாளைக் குறைத்துக்கொள்ளலாம், இதில் வேண்டாம்.

இரண்டு பக்கக் கதவையும் திறந்து, ஆடாமல் கட்டி, பெட்டியை இரவுக் கூண்டின் வாசலில் பொருத்துங்கள். முதலில் விலங்கு அதைப் பார்க்கட்டும், முகரட்டும், ஒன்றுமே செய்யாதீர்கள். பிறகு சாப்பாட்டை வாசலருகே வையுங்கள். சில நாள் கழித்துப் பெட்டியின் விளிம்பில், அப்புறம் நடுவில், அப்புறம் கடைசியில். உள்ளே சாவகாசமாக நின்று தின்னத் தொடங்கிய பிறகு, தூரக் கதவை மூடிப் பழக்குங்கள். அடுத்தது கிட்டக் கதவை அசைப்பது, பாதி இறக்குவது, முழுதாக இறக்கி உடனே தூக்குவது. பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி. இடையில் விலங்கு மிரண்டால் இரண்டு படி பின்னால் வாருங்கள். மூடிய கதவை ஒரு தடவை அது மோதிவிட்டால் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

நல்ல நடத்தைக்கு உடனே ஒரு வாய் உணவு என்பது எளிய முறை, ஆனால் அதைக் கொடுப்பவர் தினமும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். பட்டினி போட்டுப் பெட்டிக்குள் வரவைப்பது எனக்கு ஒப்பாது. பசியில் உள்ளே வந்த விலங்கு, வயிறு நிறைந்ததும் பழையபடி பயப்படும்.

எங்களிடம் ஒரு பெண்புலி இருந்தது. அதன் பெட்டிப் பழக்கம் ஆறாவது வாரத்தில் நின்றுபோனது. முன்கால் இரண்டையும் உள்ளே வைக்கும், கறியை எட்டிக் கவ்வும், பின்வாங்கிவிடும். இறைச்சியை மாற்றினோம், நேரத்தை மாற்றினோம், பெட்டியைக் கழுவினோம். வேலைக்காகவில்லை. கடைசியில் அதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த பராமரிப்பாளர், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் மனிதர், என்னிடம் வந்தார். ‘டாக்டர், ஒரு தடவை நீங்க உள்ள போய்ப் படுத்துப் பாருங்க. அவ எந்த நேரத்துக்கு வர்றாளோ அந்த நேரத்துக்கு’ என்றார்.

புலியைப் பக்கத்துக் கூண்டில் அடைத்துவிட்டு, சாயங்காலம் நாலரை மணிக்குப் பெட்டிக்குள் போய்க் குப்புறப் படுத்தேன். முகம் இருக்கும் இடத்தில் ஒரு போல்ட் கழன்று விழுந்த துளை. அதன் வழியே சாய்ந்த வெயில் நேராக என் கண்ணில் குத்தியது. கூடவே காற்றடிக்கும்போதெல்லாம் மேலே எங்கோ ஒரு தகரம் மெல்லத் துடிக்கும் சத்தம். வெளியே நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. துளையை அடைத்தோம், தகரத்துக்கடியில் ரப்பர் வைத்தோம். இரண்டு நாள் அதற்கு நம்பிக்கை வரவில்லை. மூன்றாம் நாள் முழு உடம்பும் உள்ளே வந்து, கறியை முடித்துவிட்டு, அங்கேயே படுத்து முன்பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் கதவருகே அசையாமல் உட்கார்ந்திருந்தார், நெடுநேரம்.

அன்றிலிருந்து எந்தப் பெட்டியாக இருந்தாலும், என் உடம்பு நுழையும் என்றால், ஒரு முறை உள்ளே படுத்துப் பார்ப்பேன்.

யானைக்கும் இதே பாதைதான், நாட்கள்தான் அதிகம். 2020 நவம்பர் 30 அன்று காவன் என்ற ஆண் யானையை இஸ்லாமாபாத்திலிருந்து கம்போடியாவுக்குச் சரக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். அத்தனை பெரிய யானை இரும்புப் பெட்டிக்குள் நின்று பயணம் செய்ய முடிந்ததற்கு, அதற்கு முன் வாரக்கணக்கில் அதே பெட்டிக்குள் போய்வரப் பழக்கியிருந்ததும் முக்கியக் காரணம்.

படி 6: வரிசையும் காலமும்

முதலில் உடல் உறுதியான, பதற்றமில்லாத இனங்களை அனுப்புங்கள். ஆமைகள், சில பெரிய பறவைகள், பழகிய குளம்பு விலங்குகள். குழு அந்தப் பயணங்களில் தன் தவறுகளைச் சின்ன அளவில் செய்து கற்றுக்கொள்ளும். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பிறகு.

வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களைத் தவிருங்கள். ஆண் மான்களை இணைசேரும் பருவத்தில் தொடாதீர்கள். கொம்பு வெல்வெட் தோலோடு வளரும் காலத்திலும் வேண்டாம். அந்த நேரத்தில் கொம்பில் ரத்தம் ஓடுகிறது, உரசினாலே பெருகும். கொம்பு உதிர்ந்த காலம்தான் வசதி. பூநாரைகளைக் கூட்டத்தைப் பிரிக்காமல் அடுத்தடுத்து அனுப்புங்கள். எண்ணிக்கை குறைந்தால் அவை கூடு கட்டவே யோசிக்கும்.

ஒரு பூங்காவையே இடம் மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு சிங்கப்பூரைச் சொல்லலாம். ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் புதிய பூங்கா திறக்கப்பட்டது. சுமார் 3,500 பறவைகள்.

விலங்கோடு அதன் பராமரிப்பாளரும் இடம்பெயர வேண்டும். குறைந்தது முதல் சில வாரங்களுக்காவது. இதற்குப் பணம் இல்லை, ஆளில்லை என்பார்கள். விடாதீர்கள், சண்டை போட்டாவது வாங்குங்கள். புதிய இடத்தில் அந்த விலங்குக்குத் தெரிந்த ஒரே குரல் அவருடையது.

படி 7: மருந்து எப்போது, எந்த அளவுக்கு

பழக்கியும் வராதவற்றுக்கும், பழக்க நேரம் இல்லாத அவசரத்துக்கும் மயக்க மருந்து வேண்டும். அதில் மூன்று விஷயங்களை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

முழு மயக்கத்தில் இருக்கும் விலங்கை ஏற்றிக்கொண்டு லாரி நகரக் கூடாது. மெடிடோமிடின் என்ற மயக்க மருந்து கொடுத்திருந்தால் அட்டிபமசோல் என்று, எதற்கு மாற்று மருந்து இருக்கிறதோ அதைக் கொடுத்து, விலங்கு தலை தூக்கி, தன் காலில் நின்று, நான் தட்டினால் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். மயக்கத்தில் கழுத்து மடங்கி மூச்சடைத்தால், ஓடும் லாரியில் மூடிய பெட்டிக்குள் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய விலங்குகளை மயக்கும் எட்டோர்ஃபின் போன்ற கடும் மருந்தைக் கையாளும்போது தனியாக இருக்கக் கூடாது. ஒரு துளி மனித உடம்பில் போனாலும் மூச்சு நின்றுவிடும். மனிதர்களுக்கான மாற்று மருந்து ஊசியில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும், கூட இருப்பவருக்கு அதைப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

அசைபோடும் விலங்குகளுக்கு முன்னதாகவே தீவனத்தை நிறுத்தி, இரவில் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள். படுத்த நிலையில் வயிற்றுச் சரக்கு மேலேறி நுரையீரலுக்குப் போவதும் வயிறு உப்புவதும் இவற்றைக் கொல்லும். மாறாக, சின்னப் பறவைகளைப் பட்டினி போடவே கூடாது, சில மணி நேரத்தில் சுருண்டுவிடும். மலைப்பாம்புக்கு இரை கொடுத்திருந்தால் குறைந்தது ஒரு வாரம், பெரிய இரை என்றால் இன்னும் அதிகம் பொறுத்திருங்கள். இல்லையென்றால் வழியில் கக்கிவிடும்.

பயந்த சுபாவமுள்ள மறிமான்களுக்கு மயக்காமல், பதற்றத்தை மட்டும் குறைக்கும் மருந்துகள் உண்டு. ஹாலோபெரிடால் சில மணி நேரத்துக்கும், சுக்லோபென்திக்சால் அசிட்டேட் இரண்டு மூன்று நாளுக்கும் வேலை செய்யும். பயணத்தின் நீளம், புதிய இடத்தில் பழக ஆகும் நாள் இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிற்காமல் நடப்பது, கழுத்தை விசித்திரமாக முறுக்குவது போன்ற பக்கவிளைவுகள் தென்படுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

கேப்ச்சர் மையோபதி பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. துரத்திப் பிடித்த விலங்கின் தசைகள் அதிக உழைப்பாலும் பயத்தாலும் சிதையும். சிதைந்த தசையின் நிறமி சிறுநீரகத்தை அடைக்கும். மூத்திரம் காபி நிறத்தில் போகும். சில விலங்குகள் அன்றே சாகும், சில ஒன்றிரண்டு வாரம் கழித்து. உறுதியான சிகிச்சை கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புள்ளிமான் கூட்டத்தைப் பெட்டியில் ஏற்ற வலை கட்டித் துரத்தினோம். காலை எட்டு மணிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை பதினொன்றுவரை இழுத்தது. நிறுத்தச் சொல்லும் பொறுப்பு எனக்கு இருந்தது, இன்னும் ஒன்றுதானே பாக்கி என்று நினைத்தேன். அந்தக் கடைசி மான், ஒரு பெண்மான், நன்றாக நடந்து இறங்கியது, அன்று சாயங்காலம் தின்னவும் செய்தது. நான்காம் நாள் பின்கால்கள் எழவில்லை. திரவம் ஏற்றினேன், வலி மருந்து கொடுத்தேன். மறுநாள் போய்விட்டது. அறுத்துப் பார்த்தபோது தொடைத் தசை வெந்த இறைச்சி போல வெளிறியிருந்தது. அதை நான் மறக்கவில்லை. இப்போது ஒரு விலங்கைத் துரத்தத் தொடங்கினால் கையில் கடிகாரத்தோடு ஒருவரை நிறுத்துகிறேன். இரண்டு மூன்று நிமிடத்தில் முடியவில்லை என்றால் அன்று விட்டுவிடுகிறோம். வேலியைப் புனல் போலக் கட்டி, சில வாரம் அதற்குள்ளேயே தீவனம் வைத்து, ஒருநாள் பின்னால் கதவை மூடுவது மெதுவான வழிதான். மான் உயிரோடு வரும்.

படி 8: சில இனங்களுக்கான தனிக் குறிப்புகள்

ஒட்டகச்சிவிங்கியை மயக்குவது ஆபத்தானது. மூளைக்கு ரத்தம் ஏற்ற அதன் உடலில் இருக்கும் அதிக ரத்த அழுத்தமும், நீண்ட கழுத்தும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். அதனால் பழக்கி ஏற்றுவதே வழி. முழு வளர்ச்சி பெறாத வயதில் மாற்றிவிடுவது நல்லது. தாழ்தள லாரி வேண்டும். போகும் வழி முழுக்க, பெட்டியின் உயரத்துக்குச் சமமான ஒரு கோலை வண்டியில் நட்டு ஓட்டிப் பார்த்து, பாலம், மின்கம்பி, மரக்கிளை எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். எகிப்திலிருந்து பிரெஞ்சு மன்னருக்குப் பரிசாக வந்த ஒட்டகச்சிவிங்கியை 1827-ல் மார்செய்யிலிருந்து பாரிஸ்வரை ஏறத்தாழ 880 கிலோமீட்டர் 41 நாளில் நடத்தியே கூட்டிப்போனார்கள். பால் கொடுக்கப் பசுக்களும் கூட நடந்தன. கப்பலில் வந்தபோது அதன் கழுத்துக்காக மேல்தளத்தில் துளை வெட்டியிருந்தார்கள். விலங்கின் உடம்புக்கு ஏற்ப வண்டியை மாற்றியதை நினைத்து எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு.

நீர்யானையின் தோல் காய்ந்தால் வெடிக்கும். வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே போக வேண்டும். புறப்படும் முன் குளத்தைக் காலி செய்யாவிட்டால் அது தண்ணீரைவிட்டு வெளியே வராது.

பூநாரையின் கால்களை மடக்கி நெடுநேரம் வைத்திருந்தால் கால் தசை செத்து, மறுபடி நிற்க முடியாமல் போகும். ஒருவர் ஒரு பறவையைத் தூக்கி, நேரே நிற்கும் பெட்டியில் விட்டு, தூரம் குறைவாகப் போக வேண்டும்.

முதலைக்கு வாயைக் கட்டி, கண்ணை மூடி, நீளப் பலகையில் வைத்துக் கட்டுவோம். வாயைத் திறந்துதான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும் என்பதால், கட்டிய முதலையை வெயிலில் வைக்கவே கூடாது. நஞ்சுள்ள பாம்பு துணிப்பைக்குள், பை பூட்டிய பெட்டிக்குள். இரண்டிலும் பெயர்ச்சீட்டு. அந்த இனத்துக்கான நச்சுமுறி மருந்து எங்கே இருக்கிறது என்பது கூடப்போகும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

சிம்பன்சிகளைத் தனித்தனியாக ஏற்றினாலும் குடும்பம் முழுவதும் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும். பிந்தி வருபவர்களை ஏற்காமல் போகக்கூடும்.

படி 9: பயண நாள்

இரவு அல்லது விடியற்காலையில் கிளம்புங்கள். ஒரே ஒருவர்தான் உத்தரவு போட வேண்டும். ஏற்றும் நேரத்தில் கூட்டம், கேமரா வெளிச்சம், கைபேசி எதுவும் வேண்டாம். புலிப் பெட்டியையும் மான் பெட்டியையும் ஒரே வண்டியில் வைக்காதீர்கள், வாசனை போதும் அவை மிரள.

ஓட்டுநரை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். மணல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு ஒத்திகை ஓட்டம் விட்டு, பெட்டிமேல் முக்கால் வாளி தண்ணீர் வைப்பேன். போய்ச் சேரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் அவருடைய மதிப்பெண். நல்ல ஓட்டுநர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்ததே இல்லை, ஏன் என்று உடனே புரிந்துகொள்வார்கள்.

பெட்டிக்குள் வெப்பமானி வைத்து, அளவை வெளியிலிருந்து பார்க்கும்படி செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மூச்சு வேகம், நிற்கிறதா படுத்திருக்கிறதா, வாய் திறந்து மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். நிறுத்தும் இடம் நிழலாக, ஆளில்லாததாக இருக்க வேண்டும். பார்ப்பது பராமரிப்பாளராக இருந்தால் நல்லது. பேசிக்கொண்டே அவர் பெட்டியை நெருங்கட்டும்.

பின்னால் ஒரு மாற்று லாரி, மருந்துப் பெட்டி, ஆக்சிஜன், வெல்டிங் சாமான், பலகை, சங்கிலி வர வேண்டும். வழியில் விலங்கு வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது, யார் மயக்க ஊசி போடுவது, வேறு வழியே இல்லாதபோது சுடச் சொல்லும் முடிவை யார் எடுப்பது என்பதை முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நேரத்தில் விவாதிக்க அவகாசம் இருக்காது.

படி 10: கதவைத் திறந்த பிறகு

நேராகத் திறந்தவெளியில் விடாதீர்கள். இரவுக் கூண்டில் இறக்கி, சில நாளோ சில வாரமோ அங்கேயே இருக்கவிடுங்கள். பழைய இடத்து வைக்கோல், உரசிய மரக்கட்டை, கொஞ்சம் சாணம் ஆகியவற்றைக் கொண்டுவந்து போட்டு வைத்தால், மூக்குக்குத் தெரிந்த ஒன்று அங்கே இருக்கும். முதல் நாட்களில் எல்லாவற்றையும் கழுவிப் பளபளப்பாக்க வேண்டாம். தீவனம் பழையதே தொடரட்டும். மாற்றுவதென்றால் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

முதல் சாணம் விழும்வரை எனக்கு நிம்மதி வராது. எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தது, எவ்வளவு தின்றது, எங்கே படுத்தது, மூத்திரத்தின் நிறம் என்ன, எல்லாவற்றையும் எழுதுங்கள். எடையை வாரம் ஒருமுறை பாருங்கள்.

கூட்டமாக வாழ்பவற்றைத் திறந்தவெளியில் விடும்போது அடங்கிப்போகும் விலங்குகளை முதலில் விடுங்கள். எங்கே ஒளியலாம், எங்கே ஓடலாம் என்று அவை கற்றுக்கொள்ளட்டும். ஆதிக்கம் செய்பவை கடைசியில். முதல் நாள் காலையில் விடுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே வேலியை அறிந்துகொள்ளும். பார்வையாளர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள், திறப்பு விழா காத்திருக்கலாம்.

பயணப் பெட்டியை உடனே அப்புறப்படுத்தவும் வேண்டாம். எங்கள் பெண்புலியின் பெட்டியைப் புதிய இரவுக் கூண்டின் வாசலிலேயே, இரண்டு கதவும் திறந்தபடி விட்டுவைத்தோம். பகலெல்லாம் புது இடத்தின் சுவரை முகர்ந்துகொண்டு திரியும். இருட்டியதும் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பதினோரு இரவு அப்படி. பன்னிரண்டாம் நாள் காலை அண்ணன் போய்ப் பார்த்தபோது அது கூண்டின் மரப்பலகைமேல் நீட்டிப் படுத்திருந்தது, பெட்டி காலியாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, கழுவி, கிருமிநாசினி தெளித்து, வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தோம்.